குவாச்சாவின் விலையும் மக்காச்சோளத்தின் விலையும்

2023 நவம்பரில் மலாவி ரிசர்வ் வங்கி ஒரே அறிவிப்பில் டாலரின் விலையை ஏறத்தாழ 1,180 குவாச்சாவிலிருந்து 1,700 குவாச்சாவாக உயர்த்தியது. செய்திகளில் இது '44 சதவீத மதிப்பிறக்கம்' என்று வந்தது. முதல் திருத்தம் இங்கேயே தேவைப்படுகிறது. 44 சதவீதம் ஏறியது டாலரின் விலை. மலாவியின் நாணயமான குவாச்சா இழந்த மதிப்பு சுமார் 31 சதவீதம். ஆப்பிரிக்காவின் தென்கிழக்கில், கடற்கரையே இல்லாமல், சுமார் இரண்டு கோடிப் பேர் வாழும் இந்த ஏழை நாட்டைப் பற்றிப் பேசும்போது இதைவிடப் பெரிய பிழைகளும் கேள்வியின்றிப் புழங்குகின்றன. அவற்றின் மேல் கட்டப்படும் கொள்கைகளின் சுமை சிறு விவசாயியின் தலையில்தான் இறங்குகிறது.

நம்பிக்கை: அரசு நாணயத்தின் மதிப்பை விடாமல் பிடித்து வைத்தால் ஏழைகள் பிழைப்பார்கள்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. பெட்ரோல், டீசல், உரம், மருந்து எல்லாம் வெளியிலிருந்து வருகின்றன. டாலர் மலிவாக இருந்தால் அவையும் மலிவாகத்தானே இருக்க வேண்டும்? ஆனால் அரசு சொல்லும் விலைக்கு டாலர் யாருக்குக் கிடைக்கிறது என்று பார்த்தால்தான் உண்மை தெரியும். செலாவணிக் கையிருப்பு வற்றிப்போனால் வங்கியில் டாலர் செல்வாக்கு உள்ளவர்களுக்கே முதலில் போகிறது. மற்ற வணிகர்கள் கள்ளச் சந்தையில் வாங்கி, அந்த விலையைச் சரக்கின் மேல் ஏற்றுகிறார்கள். 2025இல் கள்ளச் சந்தை விலை அரசு விலையைப்போல் இரு மடங்கைத் தாண்டியிருந்தது. கடையில் எண்ணெயும் சோப்பும் வாங்கிய ஏழை, அரசு விலையின் பலனைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

புகையிலை விவசாயியின் நிலை இன்னும் மோசம். நாட்டின் ஏற்றுமதி வருவாயில் பாதியளவு புகையிலையிலிருந்து வருகிறது. ஏலக்களத்தில் விலை டாலரில் பேசப்படுகிறது. விவசாயியின் கைக்கு வருவதோ அரசு விகிதத்தில் மாற்றிய குவாச்சா. விற்கும்போது அவருக்கு மலிவு டாலர், உரம் வாங்கும்போது கள்ளச் சந்தை டாலர். சட்டமன்றத்தில் யாரும் நிறைவேற்றாத ஒரு வரியை அவர் ஆண்டுதோறும் கட்டுகிறார். இதைப் 'பாதுகாப்பு' என்று அழைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அதிபர் பிங்கு வா முத்தாரிக்காவின் கடைசிக் காலத்தில் நாணயத்தைப் பிடித்து வைக்கும் இந்தப் போக்கு முற்றியது. மதிப்பிறக்கத்துக்கு அவர் இணங்கவில்லை. உதவி தந்துவந்த நாடுகளோடும் உறவு முறிந்தது. பெட்ரோல் நிலையங்களில் வரிசைகள் நீண்டன. 2011 ஜூலையில் வெடித்த போராட்டங்களில் இருபது பேர் வரை உயிரிழந்தார்கள். செலாவணித் தட்டுப்பாடும் எரிபொருள் பஞ்சமும் மக்களைத் தெருவுக்குக் கொண்டுவந்த காரணங்களில் முக்கியமானவை. 2012 ஏப்ரலில் பிங்கு இறந்தார். அடுத்து வந்த ஜாய்ஸ் பண்டா ஒரே மாதத்தில் டாலரை சுமார் 167 குவாச்சாவிலிருந்து 250 ஆக்கினார். பல ஆண்டுகளாகத் தள்ளிப்போட்ட வலி மொத்தமாக வந்தது. 2013 தொடக்கத்தில் பணவீக்கம் 30 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. 2014 தேர்தலில் அவர் மூன்றாம் இடத்துக்குப் போனார். 'கேஷ்கேட்' ஊழலுக்கு அதில் பெரும் பங்கு உண்டு. ஆனாலும் அதன் பின் வந்த தலைவர்கள் மதிப்பிறக்கம் என்றாலே ஏன் தயங்குகிறார்கள் என்பது புரிகிறது.

நம்பிக்கை: எல்லாம் ஐ.எம்.எஃப். செய்த வேலை.

பாதிதான் சரி. 2023 நவம்பர் மதிப்பிறக்கத்தோடு சேர்ந்தே சுமார் 17.5 கோடி டாலர் கடன் திட்டத்துக்கு ஐ.எம்.எஃப். ஒப்புதல் தந்தது. ஆனால் குவாச்சாவின் மதிப்பைக் கள்ளச் சந்தை அதற்கு முன்பே இறக்கிவிட்டிருந்தது. பதினெட்டு மாதங்களில் ஒரு மறுஆய்வுகூட முடியாமல், 2025 மே மாதம் அந்தத் திட்டம் காலாவதியானது. திட்டம் போன பிறகும் தட்டுப்பாடு போகவில்லை.

நம்பிக்கை: வட்டியை ஏற்றினால் விலைவாசி அடங்கும்.

2024 பிப்ரவரியில் மலாவி ரிசர்வ் வங்கி கொள்கை வட்டியை 26 சதவீதமாக்கியது. அந்த ஆண்டிலும் பணவீக்கம் 30 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. காரணத்தைச் சமையலறையில் தேட வேண்டும். பணவீக்கத்தைக் கணக்கிடும் பட்டியலில் பாதிக்கு மேல் உணவு. உணவில் முதன்மை, நிசிமா என்ற களியாகக் கிண்டித் தின்னும் மக்காச்சோளம். 2023 மார்ச்சில் ஃபிரெட்டி புயல் தென்பகுதியை நாசமாக்கியது. அடுத்த பருவத்தில் எல் நினோ வறட்சி. வயலில் கருகிப்போன கதிரை எந்த வட்டி விகிதமும் மீட்டுத் தராது. வங்கிக் கடனே வாங்காத குடும்பங்களின் செலவை வங்கி வட்டி எப்படிக் குறைக்கும்?

இதை வைத்து, பணக்கொள்கைக்குப் பொறுப்பே இல்லை என்று சொல்லிவிடவும் கூடாது. பட்ஜெட்டில் பெரிய துண்டு விழும்போது மத்திய வங்கியே அரசுக்குக் கடன் கொடுக்கிறது. அந்தப் புதுப்பணம் டாலரைத் துரத்துகிறது. வணிக வங்கிகளோ அதிக வட்டி தரும் அரசுக் கடன் பத்திரங்களில் பணத்தைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கின்றன. உயர்ந்த வட்டி கடைசியில் அழுத்துவது சிறு ஆலைக்காரரையும் லாரி வாங்க நினைப்பவரையும்தான்.

நம்பிக்கை: நாணயம் மலிந்தால் ஏற்றுமதி தானாகப் பெருகும்.

துணி தைக்கும் ஆலைகள் நிறைந்த நாட்டில் இது ஓரளவு நடக்கலாம். மலாவியின் ஏற்றுமதி மழையைப் பார்த்து விளைகிறது. விகிதம் மாறிய மறுநாள் புகையிலைச் செடி கூடுதலாக ஓர் இலை விடாது. டாலர் வருவதே பெரும்பாலும் ஏப்ரலில் தொடங்கும் ஏலப் பருவத்தில். உரத்துக்கும் எரிபொருளுக்கும் டாலர் தேவைப்படுவதோ ஆண்டு முழுவதும். விளைந்த சரக்கு மொசாம்பிக்கின் பெய்ரா, நகாலா துறைமுகங்களையோ தான்சானியாவின் தார் எஸ் சலாமையோ எட்ட வேண்டும். அந்தப் போக்குவரத்துச் செலவும் டாலரில்தான் ஏறுகிறது. சரியான விகிதம் விவசாயிக்கு நியாயமான விலையைத் தரும், அதற்காகவே அது வேண்டும். சாலை, ரயில், கிடங்கு, விதை, வாங்குபவர் ஆகியவற்றை அது தராது.

வாங்குபவர் என்ற இடத்தில் நமக்கும் பங்கு உண்டு. நம் சாம்பாரில் வேகும் துவரையில் ஒரு பகுதி மலாவியில் விளைகிறது. 2017 ஆகஸ்டில், அங்கே துவரை அறுவடைக் காலத்தில், உள்நாட்டு விளைச்சல் மிகுந்ததால் இந்தியா துவரை இறக்குமதிக்கு அளவுக் கட்டுப்பாடு விதித்தது. நம் விவசாயிகளைக் காக்க எடுத்த முடிவுதான். ஆனால் மலாவியில் விலை சரிந்தது. விதைத்து முடித்துவிட்ட அந்த விவசாயிகளுக்கு எந்த மதிப்பிறக்கமும் கைகொடுத்திருக்காது. 2021இல் ஆண்டுக்கு 50,000 டன் வீதம் ஐந்தாண்டுகளுக்கு மலாவித் துவரையை இறக்குமதி செய்ய இந்தியா ஒப்பந்தம் செய்துகொண்டது. அப்படிப்பட்ட உறுதிகள் ஐந்தாண்டோடு நிற்காமல் நீள வேண்டும். அளவில் மாற்றம் இருந்தால் அது நவம்பர் மழைக்கு முன், மலாவி விவசாயி விதையைக் கையில் எடுப்பதற்கு முன் அறிவிக்கப்பட வேண்டும்.