நத்தை வேகத்தில் ஒரு புல்லட்

மோட்டார் சைக்கிள் போட்டி என்றதும் உங்கள் மனக்கண்ணில் தோன்றுவது என்ன? காற்றைக் கிழித்துப் பறக்கும் வண்டிகள்தாமே! ஆனால் வேகத்திற்குப் பரிசே இல்லாத ஒரு போட்டியும் உண்டு. அதற்கு 'ட்ரையல்ஸ்' என்று பெயர். பாறையும் சேறும் செங்குத்து மேடும் நிறைந்த குறுகிய பாதையில், கால் தரையில் படாமல் வண்டியைச் செலுத்த வேண்டும். ஒருமுறை கால் ஊன்றினால் ஒரு புள்ளி. இருமுறை ஊன்றினால் இரண்டு. அதற்குமேல் எத்தனை முறை ஊன்றினாலும் மூன்று. விழுந்தாலோ எல்லையைத் தாண்டினாலோ ஐந்து. குறைந்த புள்ளி பெற்றவரே வெற்றியாளர்.

ஸ்காட்லாந்தில் ஆண்டுதோறும் நடைபெறும் ஆறு நாள் ட்ரையல் இவற்றுள் புகழ்பெற்றது. 1952-லும் 1957-லும் அதில் வென்ற ஜானி பிரிட்டன் ஓட்டியது எந்த வண்டி தெரியுமா? ராயல் என்ஃபீல்டு புல்லட்! 1955-இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்டுத் திருவொற்றியூரில் உருவாகி, நம் ஊர்ச் சாலைகளில் 'டப் டப்' என்று ஓடிய புல்லட்டும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததே. அப்படியானால் நம்மிடமுள்ள பழைய புல்லட் ஒன்று பாறையில் ஏறுமா? இந்தக் கேள்விக்கு விடை தேடி நானும் என் நண்பர் ஒருவரும் ஒரு கோடை விடுமுறை முழுவதையும் செலவிட்டோம்.

நண்பரின் ஊர் பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர். மரச் சிற்பங்களுக்குப் பெயர் பெற்ற அவ்வூரின் பக்கத்திலேயே பச்சைமலை எழும்பி நிற்கின்றது. அவருடைய தந்தை 1976-இல் வாங்கிய புல்லட், அவர் மறைந்த பின் மாட்டுக் கொட்டகையில் சாக்குப் போர்த்திக் கிடந்தது. அதை வெளியே தள்ளிய அன்று நண்பரின் தாயார் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார்: "எதை வேணாலும் கழட்டுங்க தம்பி, வெட்டிப்புடாதீங்க. அவரு வெச்ச மாதிரியே திரும்ப வரணும்." எங்கள் வேலை முழுவதையும் கட்டுப்படுத்திய விதி இதுதான். அறுப்பதில்லை, பற்றவைப்பதில்லை, கழற்றிய ஒவ்வொரு பாகத்திற்கும் சீட்டு எழுதிக் கட்டிப் பெட்டியில் வைப்பது.

என்ஜினுக்கு உயிரூட்டுவது அவ்வளவு கடினமாக இல்லை. கார்புரேட்டரைத் தூய்மை செய்து, பாயிண்டைத் தேய்த்து, எண்ணெய் மாற்றினோம். வால்வுகளின் இடைவெளியைச் சரிபார்க்க இந்த வண்டியில் அளவுகோலே தேவையில்லை. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது, வால்வைத் தள்ளும் தண்டு விரலால் உருட்டினால் உருள வேண்டும். மேலும் கீழும் ஆடக்கூடாது. அவ்வளவுதான்.

இனி ஓடைக்குப் போவோம். பச்சைமலையின் காப்புக் காட்டுக்குள் வண்டி ஓட்டக்கூடாது. நாங்கள் தேர்ந்தது நண்பரின் பட்டா நிலத்தை ஒட்டிக் கிடக்கும் வறண்ட ஓடைக்கரையை. சரிவு ஏறத்தாழ 20 பாகை. மேலெல்லாம் உதிரிக் கற்கள். முதல் முயற்சியில் நானே தவறான யோசனை சொன்னேன். "ஆக்சிலேட்டரை நன்றாக முறுக்குங்கள்!" என்றேன். பின்சக்கரம் கற்களை வாரி என்மீதே இறைத்துவிட்டு, நின்ற இடத்தில் குழி பறித்தது.

ஏன் அப்படி? அன்றிரவு திண்ணையில் அமர்ந்து கணக்கிட்டோம். நீங்களும் உடன் வாருங்கள். வண்டி ஏறத்தாழ 165 கிலோ, நண்பர் 65 கிலோ. மொத்த எடை சுமார் 2250 நியூட்டன். 20 பாகைச் சரிவில் இதைக் கீழே இழுக்கும் விசை 2250 x 0.342, அதாவது 770 நியூட்டன். சரிவில் பின்சக்கரத்தின் மீது விழும் சுமை ஏறத்தாழ 1550 நியூட்டன். உதிரிக் கற்களின் மேல் உராய்வுக் குணகத்தை 0.5 என்று கொண்டால், தரை தாங்கக்கூடிய உந்துவிசை 775 நியூட்டன். தேவைப்படுவது 770, கிடைப்பது 775! முதல் கியரில் முழுதாக முறுக்கினால் என்ஜின் தருவதோ ஏறத்தாழ 1000 நியூட்டன். மிச்சமுள்ள விசை வண்டியை நகர்த்தாது. சக்கரத்தைச் சுழற்றவே செய்யும். சக்கரம் ஒருமுறை வழுக்கத் தொடங்கிவிட்டால், நிலை உராய்வு போய் இயக்க உராய்வு வந்துவிடுகின்றது. குணகம் 0.4 ஆகக் குறைந்தால் கிடைப்பது 620 நியூட்டன் மட்டுமே. பிறகு எவ்வளவு முறுக்கினாலும் ஏற்றம் இல்லை. நமக்கு வலிமை குறைவாக இல்லை. அதிகமாக இருந்ததுதான் தொல்லை.

உடலை 30 சென்டிமீட்டர் பின்னால் சாய்த்தால் பின்சக்கரச் சுமை இன்னும் 130 நியூட்டன் கூடும். தரையின் பிடி 840-ஐ எட்டும். மிகவும் சாய்ந்தால் முன்சக்கரம் இலேசாகி, திருப்பிய பக்கம் திரும்பாது.

அடுத்து டயர். 28 பவுண்டு காற்றழுத்தத்தில் 1550 நியூட்டன் சுமையைத் தாங்க ஏறத்தாழ 80 சதுர சென்டிமீட்டர் பரப்பு தரையில் பட்டால் போதும். அழுத்தத்தை 10 பவுண்டாகக் குறைத்தால் பரப்பு 225 ஆகின்றது. "உராய்வு பரப்பைச் சார்ந்ததன்று என்று படித்தோமே!" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகின்றது. மேசைமீது மரக்கட்டையை இழுக்கும்போது அது சரி. ரப்பரோ கல்லின் மேடுபள்ளத்தில் வளைந்து அதைக் கவ்விக்கொள்கின்றது. அங்கே அந்த எளிய விதி அப்படியே பொருந்துவதில்லை.

காற்றைக் குறைத்தோம். வண்டி அழகாக ஏறத் தொடங்கியது. மூன்றாம் முறை 'உஸ்' என்றொரு ஓசை, பின்டயர் சப்பையாகிவிட்டது. கழற்றிப் பார்த்தால், டியூபின் வால்வு கழுத்தோடு பிய்ந்திருந்தது. தரைக்கும் டயருக்கும் இடையே உராய்வைக் கூட்டிய நாங்கள், டயருக்கும் ரிம்முக்கும் இடையேயும் உராய்வு வேண்டும் என்பதை மறந்துவிட்டோம்! காற்றழுத்தம்தான் டயரை ரிம்மோடு இறுக்குகின்றது. அது குறைந்ததும் டயர் ரிம்மின் மேல் நழுவி, டியூபையும் இழுத்துக்கொண்டு போயிற்று. ட்ரையல்ஸ் வண்டிகளில் ரிம்மில் துளையிட்டு, டயரின் ஓரத்தை அழுத்திப் பிடிக்கும் பூட்டு ஒன்றைப் பொருத்துவார்கள். ஆனால் துளையிடுவதும் ஒருவகை வெட்டுதானே? எனவே பழைய இரும்புக் கடையில் வேறொரு ரிம் வாங்கி, ஸ்போக் கட்டி, அதில் துளையிட்டோம். தந்தையின் ரிம் பெட்டிக்குப் போயிற்று.

பிறகு பற்சக்கரம். புல்லட்டின் பின் பற்சக்கரம் பிரேக் டிரம்மோடு ஒன்றாக வார்க்கப்பட்டது, பற்கள் 38. அதை விடுத்து, கியர்ப் பெட்டியிலுள்ள 16 பற்கள் கொண்ட சிறு சக்கரத்தை எடுத்துவிட்டு, திருச்சியில் பல் வெட்டி வாங்கிய 14 பல் சக்கரத்தைப் பொருத்தினோம். இதனால் முதல் கியரில், என்ஜின் நிமிடத்திற்கு 1000 சுற்று சுழலும்போது வண்டியின் வேகம் மணிக்கு 8.1 கிலோமீட்டரிலிருந்து 7.1 ஆகக் குறைந்தது. விசை கூடுமே, சக்கரம் மேலும் வழுக்காதா? வழுக்கும், முறுக்கினால்! நாம் முறுக்கப் போவதில்லை. விசைக்காக அன்று, கிளட்ச்சை நழுவவிடாமல் நடை வேகத்தில் ஊர்வதற்காகவே இந்த மாற்றம்.

இங்கேதான் புல்லட்டின் பழைய வடிவமைப்பு கைகொடுக்கின்றது. 70 மில்லிமீட்டர் விட்டம், 90 மில்லிமீட்டர் வீச்சு கொண்ட ஒரே சிலிண்டர். நான்கு வீச்சு என்ஜின் ஆதலால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிப்பு. 1000 சுற்றில் 500 வெடிப்பு. கணக்கிட்டால் தரையில் ஒவ்வொரு கால் மீட்டருக்கும் ஒரு தட்டு! இடைப்பட்ட நேரத்தில் வண்டியை இழுத்துச் செல்வது என்ஜினுள் இருக்கும் கனத்த பிளைவீல்தான். அதன் நிலைமம் பெரிது. ஆகவே சக்கரம் கல்லில் முட்டினாலும் என்ஜின் சட்டென நிற்காது. கைப்பிடியைத் திருகினாலும் சட்டெனச் சீறாது.

ட்ரையல்ஸ் வீரர் இருக்கையில் அமர்வதே இல்லை, நின்றுகொண்டே ஓட்டுவார். நின்றால் எடை மிதிகட்டைக்கு இறங்கி ஈர்ப்பு மையம் தாழ்கின்றது என்று பலர் எழுதுகிறார்கள். தவறு! நின்றால் ஈர்ப்பு மையம் உயரத்தான் செய்யும். உள்ளங்கையில் ஒரு பென்சிலை நிறுத்திப் பாருங்கள். பின் ஒரு துடைப்பக் கட்டையை நிறுத்திப் பாருங்கள். எது எளிது? உயரமானது மெதுவாகச் சாய்கின்றது. திருத்திக்கொள்ள நமக்கு நேரம் கிடைக்கின்றது. அதோடு, நிற்பவரின் கீழே வண்டி மட்டும் இடமும் வலமுமாகச் சாயலாம். உடல் நேராகவே இருக்கும். முழங்கால்களோ இரண்டு நல்ல ஸ்பிரிங்குகள்.

இவ்வளவும் செய்து, கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையில் நண்பர் ஓடைக்கரையில் ஏறினார். நான் பக்கத்திலேயே நடந்து சென்றேன். அவர் என்னை முந்தவில்லை. உச்சிக்கு இரண்டு முழம் இருக்கையில் ஒருமுறை இடக்கால் தரையைத் தொட்டது. ஒரு புள்ளி.

1965-இல் சாமி மில்லர் என்ற வீரர், நூறு கிலோவுக்கும் குறைந்த புல்டாகோ என்னும் ஸ்பெயின் நாட்டு வண்டியில் ஸ்காட்லாந்துப் போட்டியை வென்றார். கனத்த நான்கு வீச்சு வண்டிகளின் காலம் அங்கே முடிவுக்கு வந்தது. 2019-இல் 'புல்லட் ட்ரையல்ஸ்' என்ற பெயரில் சென்னையிலிருந்து ஒரு வண்டி வெளிவந்து, அடுத்த ஆண்டே நின்றுபோயிற்று.

வண்டியின் அமைப்பை நம் விருப்பப்படி மாற்றிப் பொதுச்சாலையில் ஓட்டச் சட்டம் இடந்தராது. எனவே அன்று மாலையே கழற்றத் தொடங்கினோம். கியர்ப் பெட்டியின் சிறு சக்கரத்தை மாற்ற, முன் செயின் மூடியையும் கிளட்ச்சையும் முழுதாகப் பிரிக்க வேண்டும். அரை நாள் வேலை. 16 பல் சக்கரம், தந்தையின் ரிம், மட்கார்டுகள் எல்லாம் சீட்டைப் பார்த்துப் பார்த்துத் தத்தம் இடத்திற்குத் திரும்பின. தாயார் வந்து வண்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பெட்ரோல் டாங்கில் இருந்த ஒரு பழைய நெளிவைத் தடவி, "இது அவரு மாட்டு வண்டியில இடிச்சது" என்றார். அந்த நெளிவை நாங்கள் எடுக்காமல் விட்டிருந்தோம்.