அம்மாவின் போனுக்கு நீதான் காவல்

அன்புள்ள தங்கைக்கு,

பிள்ளைகளை இணையத்தில் பத்திரமாகப் பார்த்துக்கொள்வது எப்படி என்று பெற்றோருக்குப் புத்தி சொல்லும் கட்டுரைகளுக்குப் பஞ்சமில்லை. விடியுமுன் பெருநகர் கிராமத்தில் கம்பெனி பஸ் ஏறி ஒரகடம் தொழிற்பேட்டைக்குப் போய், இருட்டிய பிறகு வீடு வந்து உலை வைக்கிற தாய்க்கு அதையெல்லாம் படிக்க ஏது நேரம்? அவளுடைய போனுக்கு லாக் போட்டுக் கொடுத்ததும், ஜிமெயில் கணக்குத் தொடங்கிக் கொடுத்ததும் பத்தாவது படிக்கும் மகளாகத்தான் இருக்கும். ஆகவே இந்தக் கடிதம் உன் பெயருக்கு.

கிராமத்துப் பிள்ளைகளின் கையில் போன் என்னவாக இருக்கிறது என்று 2024-இல் கிராமப்புறக் கல்வி நிலையை அளக்கும் அசர் (ASER) ஆய்வு நாடு முழுக்கக் கேட்டது. 14 முதல் 16 வயதுக்குள் இருப்பவர்களில் 82 சதவீதம் பேருக்கு ஸ்மார்ட்போன் இயக்கத் தெரிந்திருந்தது. அவர்களில் முந்தைய வாரம் படிப்புக்காக அதை எடுத்தவர்கள் 57 சதவீதம், சமூக ஊடகத்துக்காக எடுத்தவர்கள் 76 சதவீதம். சமூக ஊடகத்தில் இருக்கும் பிள்ளைகளிலோ, தொல்லை தரும் கணக்கைத் தடுக்கவோ அதன்மேல் புகார் செய்யவோ தெரிந்தவர்கள் 62 சதவீதம்தான். மற்றவர்களுக்குக் கதவைத் திறக்கத் தெரியும், சாத்தத் தெரியாது.

2021 ஜூன் மாதம் தமிழ்நாடு முழுக்கப் பேசப்பட்ட மதன் விவகாரம் உனக்கு நினைவிருக்காது, அப்போது நீ சின்னப் பெண். பப்ஜி விளையாட்டை ஆடிக்காட்டி யூடியூபில் நேரலை நடத்தியவர் அவர். லட்சக்கணக்கானோர் பின்தொடர்ந்தார்கள், அதில் பள்ளிப் பிள்ளைகள் ஏராளம். ஆட்டத்துக்கு நடுவே அவர் பேசிய ஆபாசப் பேச்சைப் பற்றிப் புகார்கள் குவிந்தன. தலைமறைவாக இருந்தவரை ஜூன் 18 அன்று தருமபுரியில் போலீஸ் பிடித்தது. ஊரடங்குக் காலம் அது. பையன் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தால் ஆன்லைன் கிளாஸ் என்று நினைத்துப் பேசாமல் இருந்த வீடுகள் எத்தனையோ.

இதில் கவனிக்க வேண்டியது தேதிகளை. மத்திய அரசு பப்ஜியைத் தடை செய்தது 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி. அதற்குப் பிறகும், தடையைச் சுற்றிப் போக உதவும் விபிஎன் வழியாக ஆட்டம் நடந்தது, கூட்டமும் கூடியது. டிக்டாக்கைப் பதிவிறக்க உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் தடை போட்டது, அதே மாதமே தடை விலகியது. அடுத்த ஆண்டு ஜூனில் மத்திய அரசு அந்தச் செயலியையே மூடியது. கையோடு இன்ஸ்டாகிராமின் ரீல்ஸ் வந்துவிட்டது. 16 வயதுக்குக் கீழுள்ளவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்று ஆஸ்திரேலியா போட்ட சட்டம் 2025 டிசம்பர் 10 முதல் நடப்பில் இருக்கிறது. தடை வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் அரசாங்கத்தின் தடை உன் வீட்டு நடுக்கூடம் வரை வந்து சேரும் என்று காத்திருக்க முடியாது.

ஆபாசப் பேச்சைவிட மோசமான ஒன்று இருக்கிறது. இன்ஸ்டாகிராமில் உன் வயதுப் பெண்ணின் பெயரில் ஒருவன் பேச வருவான். பேச்சு வளரும். ஒரு படம் கேட்பான். கிடைத்ததும் குரல் மாறும்: இன்னொன்று அனுப்பு, அல்லது பணம் அனுப்பு, இல்லாவிட்டால் ஊருக்கே காட்டுவேன். சில சமயம் படமே தேவையில்லை, முகத்தை மட்டும் எடுத்து வேறு உடம்பில் ஒட்டிவிடுவான். இந்த மிரட்டலுக்கு மூலதனம் எது என்று யோசித்துப் பார். வீட்டில் சொன்னால் போனைப் பிடுங்கிக்கொள்வார்கள், பெண் பிள்ளையானால் படிப்பையும் நிறுத்திவிடுவார்கள் என்ற பயம். அந்தப் பயத்தை வைத்துத்தான் அவன் பிழைக்கிறான். பெற்றவர்கள் போடும் கண்டிப்பே சில வீடுகளில் அவனுக்குத் துணை நிற்கிறது என்பது கசப்பான விஷயம்.

ஆகவே அம்மா அப்பாவிடம் நீ முதலில் வாங்க வேண்டியது ஒரு வாக்கு. "போன்ல எது நடந்தாலும் வந்து சொல்லு, திட்ட மாட்டோம், ஸ்கூலை நிறுத்த மாட்டோம்." இதை அவர்கள் வாயால் சொல்ல வைத்துவிடு. வீட்டில் தம்பி இருந்தால் அவனுக்கும் அதே வாக்கை நீ கொடு.

அப்படி ஏதாவது வந்தால் பணம் கொடுக்காதே. ஒரு முறை கொடுத்தால் மறுமுறையும் கேட்பான். உரையாடலை அழித்துவிடாமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு பிளாக் செய். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, சைபர் குற்றத்துக்கு 1930. 18 வயதுக்குக் கீழுள்ளவர்களின் அந்தரங்கப் படம் பரவாமல் தடுக்க 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை இருக்கிறது. படம் போனை விட்டு வெளியே போகாது. அதிலிருந்து உருவாகும் ஓர் எண்கோவை மட்டும் போகும், அதை வைத்து இச்சேவையில் சேர்ந்துள்ள தளங்கள் படத்தை அடையாளம் கண்டு நீக்கும்.

போலீஸ் என்றால் உன் வீட்டில் தயங்குவார்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் சொல்வதை அவர்களுக்கு எடுத்துச் சொல். வாக்குமூலம் வாங்க வரும் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது. பிள்ளையின் வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ, கூடுமானவரை பெண் அதிகாரியே கேட்க வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளையை இரவில் ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. பெயரையோ படத்தையோ பத்திரிகைகள் வெளியிடக் கூடாது.

அதே சட்டத்துக்கு இன்னொரு முகமும் உண்டு, இதை உன் வகுப்புப் பையன்களுக்குச் சொல். சென்னை அம்பத்தூரில் தொடங்கிய வழக்கு ஒன்றில் 2024 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குழந்தைகளின் ஆபாசக் காட்சிகளை யாருக்கும் அனுப்பாவிட்டாலும், அழிக்காமல், புகாரும் செய்யாமல் போனில் வைத்திருப்பதே குற்றமாகலாம். வாட்ஸ்அப் குழுவில் "சும்மா பார்வர்டு" என்று வந்து விழுவதும் இதில் அடங்கும்.

இனி அமைப்புகள். இன்ஸ்டாகிராமில் 'டீன்' கணக்கு 2025 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது. அதில் கணக்கு தானாகவே பூட்டியிருக்கும், தெரியாதவர்கள் செய்தி அனுப்ப முடியாது. வயதைக் கூட்டிப் போட்டால் இந்தக் காவலை நீயே கழற்றிவிட்டதாக அர்த்தம். வாட்ஸ்அப்பில் உன்னைக் குழுவில் யார் சேர்க்கலாம் என்ற இடத்தில் 'என் தொடர்புகள்' என்று மாற்று. தம்பி அம்மாவின் போனில் விளையாடினால் யூபிஐ பின் நம்பர் அவனுக்குத் தெரியக் கூடாது. அவனுக்கென்று தனிப் போன் வந்தால் கூகுளின் 'ஃபேமிலி லிங்க்' போட்டுக்கொடு.

ஒரு தடவை செய்து முடித்துவிட்டால் தீர்ந்தது என்று இருந்துவிடாதே. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் ஊர்ச் சபைத் தேர்தலுக்கான குடவோலை விதிகளைப் பார்த்திருப்பாய். பராந்தக சோழன் காலத்தில் 919-இல் வெட்டிய விதிகள் போதாமல் போகவே, இரண்டே ஆண்டில், 921-இல், திருத்தி மறுபடி வெட்டினார்கள். ஒன்பது வயதுத் தம்பிக்குப் போட்ட விதி அவன் பதின்மூன்றைத் தொடும்போது பொருந்தாது. அவனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாற்றுங்கள். எப்போதும் அவன் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பதில் ஒரு பயனும் இல்லை. வேறு போன் தேடிப் போவான், அவ்வளவுதான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு லீவு இருந்தால், சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்ச நேரம் கேட்டு வாங்கு. அவளுடைய போனில் 1098, 1930 இரண்டையும் அவளையே பதியச் சொல்.

அன்புடன்,
அண்ணன்