நிலைகாக்கும் செவி

செவி கேட்பதற்கென்றே அமைந்தது என எண்ணுவோர் பலர். உடலைச் சாயாமல் நிறுத்துவதும் அதன் தொழிலேயாம். உட்செவியில் அரைவட்டக் குழாய்கள் மூன்று உள்ளன. அவற்றுள் நிறைந்த நீர், தலை திரும்புந்தோறும் அசைந்து, திரும்பிய திசையை மூளைக்கு அறிவிக்கும். அவ்வறிவிப்புப் பிழைபடின், நிற்கும் நிலமே சுழல்வதாகத் தோன்றும். நம் மக்களோ இதனைப் பித்தம் என்று கூறி, எலுமிச்சைச் சாற்றைப் பருகிவிட்டு வாளாவிருப்பர்.

திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை உளது. ஆங்குள்ள இரும்பாலைகளில் கூரை வேயவும் புகைபோக்கியைச் செப்பனிடவும் தொழிலாளர் உயர ஏற வேண்டும். வீட்டில் கட்டிலைப் பற்றிக்கொண்டு பொறுத்துவிடும் சுழற்சி, அவ்வுயரத்தில் உயிரையே கொள்ளும். ஆதலின், உயரப் பணிக்கு அனுப்புமுன் மருத்துவர் ஆராய்ந்து சான்று அளிப்பது தொழிற்சாலைகளின் வழக்கம். கூலி போய்விடுமே என்று அஞ்சி, விடியலில் படுக்கையில் புரண்டபோது தலை சுற்றியதை அவரிடம் மறைப்பாரும் உளர். ஆனால் அவர்கள் மறைக்கும் அந்நோயே பெரும்பாலும் எளிதில் தீர்வது!

உட்செவியின் ஓர் அறையில் நுண்ணிய சுண்ணாம்பு மணிகள் ஒட்டியிருக்கும். முதுமையாலோ தலையில் அடிபட்டதாலோ அவை பெயர்ந்து குழாயினுட் புகும். பின்னர்ப் படுக்கும்போதும் புரளும்போதும் அண்ணாந்து நோக்கும்போதும் தலை சுற்றும். ஒரு நிமிடத்திற்குள் அடங்கும்.

செவியின் குறையை விழி காட்டும். வியன்னா மருத்துவர் ராபர்ட் பாரனி, நோயாளரின் காதில் குளிர்ந்த நீரைச் செலுத்தியபோது விழிகள் ஒரு திசையில் துடித்தன. வெந்நீரைச் செலுத்தியபோது எதிர்த்திசையில் துடித்தன. இவ்வாராய்ச்சிக்காக 1914-ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்கு உரியதாயிற்று. அச்செய்தி எட்டியபோது அவர் உருசியாவில் போர்க்கைதியாக இருந்தார்!

1952-இல் டிக்ஸ், ஹால்பைக் என்னும் இங்கிலாந்து மருத்துவர் இருவர் வேறொரு சோதனையை விளக்கினர். அமர்ந்திருப்பவரின் தலையை ஒருபுறம் திருப்பி, விரைவாகப் பின்னே சாய்த்து, விழிகளை நோக்குதலே அது. மணிகள் இடம் பெயர்ந்திருப்பின் விழிகள் துடிக்கும். அமெரிக்க மருத்துவர் எப்ளி 1992-இல் வெளியிட்ட முறைப்படி, தலையைப் படிப்படியாகத் திருப்பி, மணிகளைப் பழைய அறைக்கே சேர்ப்பர். மருந்தில்லை, கத்தியில்லை. பலருக்கு ஒருமுறை செய்வதே போதும். குணமானபின் மீண்டும் சோதித்து, பணிக்கு விடலாம்.

உலையருகே நீர் பருகாது உழைப்பவர்க்கு வரும் கிறுகிறுப்பு இதனின் வேறு. அவர்க்கு வேண்டியன நிழலும் நீரும் ஓய்வுமே. தலைசுற்றலோடு நாக்குழறினும், பொருள்கள் இரண்டாகத் தெரியினும், கைகால் தளரினும் அது செவிநோயன்று. மூளைக்குச் செல்லும் குருதி தடைபட்டிருக்கலாம். அந்நிலையில் சிறிதும் தாழாது மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும்.