பிணைக்கு வேண்டியது உறுதிப் பத்திரமா, வேரா?



டயகம தோட்டத்துத் தொழிலாளி ஒருவர் சந்தேகத்தின் பேரில் கைதாகிறார் என்று வைத்துக்கொள்வோம். நீதவான் பிணை வழங்குகிறார். ஆயினும் அவர் வீடு வந்து சேரவில்லை, விளக்கமறியலிலேயே கிடக்கிறார். பிணை நிற்க உறவினர் உண்டு. ஆனால் அந்த உறவினரிடம் கேட்கப்படும் கடதாசிகள் இல்லை. இந்நிலை ஏன் என்பதே இவ்வாரப் பாடம்.

பிணை என்றால் என்ன?

பிணை தண்டனையுமன்று, மன்னிப்புமன்று. "வழக்குத் தவணைக்குத் தவறாமல் வருவேன்" என்னும் வாக்குறுதியே பிணை. குற்றம் எண்பிக்கப்படும்வரை எவரும் நிரபராதி என்பது நமது அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை. 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது: பிணை வழங்குவதே விதி, மறுப்பது விதிவிலக்கு. மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். பாரதூரமற்ற, பிணை வழங்கக்கூடிய குற்றமாயின் பொலிஸ் நிலையத்திலேயே எழுத்து மூல உறுதிமொழி பெற்று விடுவிக்கவும் இடமுண்டு.

சட்டம் எல்லாருக்கும் ஒன்றே. ஆனால் அது லயத்து வாசலுக்கு வரும்போது மூன்று இடங்களில் தடுக்குகிறது.

முதலாவது, கடதாசி. பிணையாளியின் வதிவிடத்தை உறுதிப்படுத்தும் கிராம உத்தியோகத்தர் சான்றிதழை நீதிமன்றங்கள் வழக்கமாகக் கேட்கின்றன. சில வழக்குகளில் சொத்தும் காட்டவேண்டும். லயத்து அறையோ தோட்டத்துக்குச் சொந்தம். நான்கு தலைமுறை அதே காம்பராவில் வாழ்ந்தவர்க்கும் காணி உறுதி இல்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகே எஞ்சியோருக்கும் வழி திறந்தது. குடியுரிமை கிடைத்துவிட்டது, சொந்த நிலமோ மிகப் பலருக்கு இன்னும் எட்டவில்லை.

இரண்டாவது, மொழி. வடக்கு கிழக்குக்கு வெளியே நீதிமன்ற நடவடிக்கைகள் பெரும்பாலும் சிங்களத்தில் நடைபெறுகின்றன. என்ன நிபந்தனை, எந்தத் தேதி என்று விளங்காமல் தலையாட்டிவிட்டு வந்தவர் அடுத்த தவணையைத் தவறவிட்டால், அவர் ஓடி ஒளிந்தவராகக் கருதப்படுகிறார்.

மூன்றாவது, தூரம். அக்கரப்பத்தனை வழியாக பஸ் ஏறி நகரத்துக்குப் போய்த் திரும்பினால் அன்றைய பேர் விழாது. பிணையாளிக்கும் அதே இழப்பு.

இவற்றோடு 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தையும் நினைக்கவேண்டும். அதன்கீழ் கைதானோருக்குப் பிணைச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. 18 மாதங்கள் வரை தடுப்புக் காவலுக்கு அது இடமளித்தது. 2022இன் திருத்தம் அதை 12 மாதங்களாகக் குறைத்தது. போர்க்காலத்தில் அதன் சுமை பெரிதும் தமிழர்மேலும், 2019க்குப் பின் முஸ்லிம்கள்மேலும் விழுந்தது.

பிற நாடுகள் தரும் பாடம்

இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில் மோதி ராம் என்னும் ஏழைக் கொத்தனாருக்குப் பிணை கிடைத்தது. ஆனால் நீதவான் 10,000 ரூபாய்க்குப் பிணையாளி கேட்டார். அண்ணன் தம்பி பிணை நிற்க வந்தபோது, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்தார். 1978இல் உச்ச நீதிமன்ற நீதியரசர் வி. ஆர். கிருஷ்ண ஐயர் இதைக் கண்டித்து, 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் அவரை விடுவிக்கச் செய்தார். ஊரையும் மொழியையும் காட்டிப் பிணையை மறுப்பது நீதியாகாது என்பதே தீர்ப்பின் சாரம்.

நியூயோர்க்கில் 1961இல் ஒரு முயற்சி தொடங்கியது. கைதானவரிடம் பணம் எவ்வளவு என்று கேளாமல், எங்கே வேலை, எத்தனை ஆண்டு அதே வீட்டில், குடும்பம் யார் என்று விசாரித்தார்கள். அங்கே வேர் உள்ளவர் என்று கண்டவர்களைச் சொந்த வாக்கின்மேல் விடச் சொன்னார்கள். மிகப் பெரும்பாலோர் தவறாமல் நீதிமன்றம் வந்தனர். அமெரிக்காவில் பணப் பிணையால் அதிகம் வருந்தியவர்கள் கறுப்பின ஏழைகள். 2023இல் இல்லினோய் மாநிலம் பணப் பிணையை முற்றாக ஒழித்தது.

அந்த அளவுகோலை டயகமவில் வைத்துப் பாருங்கள். பிறந்த லயம், தோட்டத்துச் செக்ரோல், பிள்ளைகளின் பாடசாலை, கோயில், சேமலாப நிதி எல்லாம் ஓரிடத்தில். இவரைவிட ஆழமாக வேரூன்றியவர் யார்? உறுதிப் பத்திரம் இல்லை என்பதால் வேர் இல்லை என்றாகாது. நீதிமன்றம் இதைக் கணக்கில் எடுக்கவேண்டும் என்று கேட்பது சலுகையன்று, சமநீதி.

நாம் செய்யக்கூடியவை

1. குடும்பத்தில் எல்லாரும் தேசிய அடையாள அட்டை பெற்றிருக்கவேண்டும்.

2. நீதிமன்றத்தில் மொழி விளங்காவிட்டால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அரசு அதை வழங்கவேண்டும் என்பது அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை.

3. வசதியற்றோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். சொந்தப் பிணையில் விடும்படியும், வேலை, குடும்ப விபரங்களை நீதவானுக்கு எடுத்துரைக்கும்படியும் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள்.

4. தெரிந்தவருக்குப் பிணை நிற்க முன்வாருங்கள். அவர் வராவிட்டால் பணம் கட்டநேரும். ஆகவே தவணைத் தேதியை நினைவூட்டி உடன் செல்வதும் உங்கள் கடமை. தெசலோனிக்காவில் யாசோன் பிணை கொடுத்து விடுதலையானதைத் திருத்தூதர் பணிகள் 17ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம்.

குடும்பமாகச் சிந்திக்க

கைதானவர் என்றாலே குற்றவாளி என்று நாமும் பேசுகிறோமா? நமது தோட்டத்தில் விளக்கமறியலில் இருப்பவரின் வீட்டுக்கு யாராவது போய்ப் பார்த்தார்களா? பிணை நிற்கத் தகுதியுள்ளவர் நம்மில் எத்தனை பேர்?