பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தால்

நுழையும்முன்

விடை இல்லாத கணக்கும் உண்டு. விடை தேறாத கணக்கும் உண்டு. இவ்விரண்டையும் பிரித்தறிவதே எல்லை என்னும் கருத்துக்கு நுழைவாயில்.

தேறப்பெறா வடிவம்

ஆறை மூன்றால் வகுத்தால் இரண்டு. ஏனெனில், இரண்டை மூன்றால் பெருக்க ஆறு கிடைக்கிறது. இவ்வாறே ஆறைப் பூச்சியத்தால் வகுத்துப் பார்ப்போம். எந்த எண்ணைப் பூச்சியத்தால் பெருக்கினாலும் ஆறு வராது; ஆகவே விடை இல்லை. பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தாலோ ஒன்றும் பொருந்தும், ஏழும் பொருந்தும், எந்த எண்ணும் பொருந்தும். எதை ஏற்பது எனத் தேற இயலாமையால் 0/0 என்பது தேறப்பெறா வடிவம் எனப்படுகிறது.

விழும் கல்லின் வேகம்

உயரத்திலிருந்து விழும் கல், ந நொடிகளில் ஏறத்தாழ 5ந² மீட்டர் தொலைவைக் கடக்கிறது. சரியாக இரண்டாம் நொடியில் அதன் வேகம் என்ன? 2 முதல் 3 நொடி வரை சராசரி வேகம் நொடிக்கு 25 மீட்டர். 2 முதல் 2.1 வரை 20.5, 2 முதல் 2.01 வரை 20.05. இடைவெளியே இல்லை எனக் கொண்டால் தொலைவும் பூச்சியம், நேரமும் பூச்சியம், 0/0 எதிர்ப்படுகிறது.

இடைவெளியை க எனக் கொள்வோம். அந்நேரத்தில் கடந்த தொலைவு,

5(2 + க)² − 20 = 20க + 5க²

க பூச்சியமன்று, ஆதலால் அதனால் வகுக்கலாம். கிடைப்பது 20 + 5க. க பூச்சியத்தை நெருங்க நெருங்க, இம்மதிப்பு 20ஐ நெருங்குகிறது. அதுவே எல்லை.

எழுந்த ஐயம்

முதலில் பூச்சியமன்று எனக் கூறி வகுத்துவிட்டு, பின்னர்ப் பூச்சியம் எனக் கூறி நீக்குவது முறையா? நியூட்டன் வழிவந்த கணிதத்தை நோக்கி இவ்வினாவை ஜார்ஜ் பெர்க்லி என்னும் மெய்யியலாளர் 1734இல் எழுப்பினார். பிரான்சு நாட்டுக் கணித அறிஞர் கோஷி, 1821இல் வெளியிட்ட நூலில் எல்லையை அடிப்படையாகக் கொண்டு நுண்கணிதத்தை அமைத்தார். எல்லை காணும்போது க ஒருபோதும் பூச்சியமாவதில்லை. அது பூச்சியத்தை நெருங்கும்போது சார்பின் மதிப்பு எதை நெருங்குகிறது என்பதே வினா. 5க/க என்பதன் எல்லை 5. க²/க என்பதன் எல்லை 0. இரண்டும் 0/0 வடிவமே எனினும், தொகுதியும் பகுதியும் பூச்சியத்தை நெருங்கும் விதம் வேறுபடுவதால் விடையும் வேறுபடுகிறது.

தெரிந்து தெளிவோம்

0/0 வடிவில் தொகுதியையும் பகுதியையும் தனித்தனியே வகையிட்டு எல்லை காண்பது லோபிதால் விதி. மேற்கண்ட கணக்கில் (20 + 10க)/1 எனக் கிடைத்து, எல்லை 20 ஆகிறது. இவ்விதி லோபிதாலின் 1696ஆம் ஆண்டு நூலில் வெளிவந்தது. கண்டறிந்தவரோ, ஊதியம் பெற்று அவருக்குக் கற்பித்த யோகான் பெர்னோலி. வடிவத்தைச் சோதியாமல் விதியைக் கையாளலாகாது. க பூச்சியத்தை நெருங்கும்போது (க + 3)/(க + 2) என்பதன் எல்லை 3/2. விதியைத் தவறாகப் புகுத்தினால் 1 எனப் பிழையாகும்.

கற்பவை கற்றபின்

1. க, 3ஐ நெருங்கும்போது (க² − 9)/(க − 3) என்பதன் எல்லையைக் காண்க.
2. (1 + 1/ந)ⁿ என்பதில் அடுக்கும் ந எனக் கொண்டு 10, 100, 1000 ஆகியவற்றைப் பிரதியிடுக. விடை 1ஐ நெருங்குகிறதா? வகுப்பில் கலந்துரையாடுக.