எரிபொருள் பயிரும் எங்கோ அழியும் காடும்

மக்காச்சோளத்திலிருந்து எத்தனால் வடித்துப் பெட்ரோலுடன் கலக்கின்றனர். பயிர் காற்றிலிருந்து ஈர்த்த கரியமில வாயுவே எரியும்போது திரும்பச் செல்வதால் கேடில்லை என்பர். இது பாதிக் கணக்கேயாகும். மறுபாதியை இப்பாடத்தில் காண்போம்.

கோழித் தீவனத்திற்குச் சென்ற மக்காச்சோளம் வடிசாலைக்குத் திரும்புகிறது எனக் கொள்வோம். கோழி பட்டினி கிடக்குமா? கிடக்காது, தீவன விலை ஏறும். விலையைக் கண்டு வேறோர் ஊரில், வேறு நாட்டிற்கூட, காட்டையோ புல்வெளியையோ திருத்தி உழுவர். மரத்திலும் மண்ணிலும் தங்கிய கரி வாயுவாகி மேலெழும். எத்தனால் வடித்தவர் ஒரு மரமும் வெட்டவில்லை. ஆயினும் அவ்வெட்டில் அவருக்கும் பங்குண்டு. இதுவே மறைமுக நிலப் பயன் மாற்றம்.

இதனை அளக்கும் முறையை ஓர் உதாரணத்தால் அறியலாம். எண்கள் கணக்கிற்காகக் கொண்டவை.

1. ஒரு ஹெக்டேர் காட்டை அழித்தால் 300 டன் கரியமில வாயு எழுகிறது. 30 ஆண்டுகளுக்குப் பங்கிட்டால் ஆண்டுக்கு 10 டன்.

2. ஒரு ஹெக்டேர் மக்காச்சோளம் 4,000 லிட்டர் எத்தனால் தருகிறது. லிட்டருக்கு 2.5 கிலோ வாயு.

3. விளைச்சல் பெருகியும், வடித்த சக்கை தீவனமாகியும் குறையின் பெரும்பகுதி ஈடாகும். காற்பங்கு நிலமே புதிதாக அழிந்தால், லிட்டருக்கு 625 கிராம்.

ஒரு லிட்டர் எத்தனால் தரும் ஆற்றலைப் பெறப் பெட்ரோலை எரித்தால் எழுவது சுமார் ஒன்றரைக் கிலோ. ஆகவே இச்சுமை சிறிதன்று.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2009-இல் மக்காச்சோள எத்தனாலுக்கு ஒரு மெகாஜூல் ஆற்றலுக்கு 30 கிராம் என மதிப்பிட்டது, 2015-இல் 19.8 எனக் குறைத்தது. விளைச்சல் எவ்வளவு உயரும், அழிவது காடா புல்வெளியா என்னும் ஊகங்கள் மாறினால் விடையும் மாறும். விடை மாறுவதால் சுமை இல்லையென்றாகாது.

பயிர்க்கழிவிலிருந்து வடித்தால் சுமை குறையும். ஆனால் அக்கழிவே மாட்டுத் தீவனமாயின் அதற்கும் மாற்றுத் தேட வேண்டுமன்றோ?

2009-ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, தரிசு நிலங்களில் எண்ணெய் வித்துகளை வளர்க்க ஊக்கமளித்தது. பதிவேட்டில் தரிசு என்றிருப்பது மாட்டுக்கு மேய்ச்சலாகவும், ஏழைக்கு விறகாகவும் இருக்கக்கூடும். ஆகவே எரிபொருள் பயிருக்கு நிலம் ஒதுக்கும் தீர்மானம் வரும்போது, பஞ்சாயத்து உறுப்பினர்கள் முதலில் ஒரு வினா எழுப்புதல் வேண்டும்: இந்நிலம் இன்று யாருக்கு என்ன தருகிறது, நாளை அவர் அதனை எங்கே தேடுவார்? விடை கிடைத்த பின்னரே கையொப்பம் இடுவோமாக.