விளைபொருளை விற்கும்போது பேசும் முறை

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்பது பழமொழி. மிஞ்சாமைக்கு மழையும் பூச்சியும் மாத்திரம் காரணமல்ல. மூன்று நான்கு மாதங்கள் பாடுபட்டுப் பெற்ற விளைவின் பயன், சந்தையிற் பேசும் கால் மணி நேரத்திலேயே பெரும்பாலும் முடிவாகின்றது. விதை, பசளை, நீர் ஆகியவற்றை ஆராய்ந்து நடக்கும் கமக்காரர் பலர், வியாபாரியுடன் பேசிப் பழகும் முறையை ஆராய்வதில்லை.

பறித்த தக்காளியும் கத்தரிக்காயும் விரைவில் வாடும். வியாபாரி காத்திருக்கலாம், கமக்காரர் காத்திருத்தல் இயலாது. இந்நிலையிற் கோபிப்பதாலும் கெஞ்சுவதாலும் பயனில்லை. விவரம் அறிந்து, அமைதியாகவும் உறுதியாகவும் பேசுதலே பயன் தரும். அதற்குரிய வழிகள் கீழே தரப்படுகின்றன.

1. விலையை முன்னரே அறிதல்

பறிப்பதற்கு முதல் நாள் இரண்டு சந்தைகளின் விலையையாவது தொலைபேசி மூலம் விசாரித்தல் வேண்டும். ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகம் முக்கிய சந்தைகளின் விலைகளை வெளியிட்டு வருகின்றது. விலையை அறியாதவர் வியாபாரி சொல்லும் விலைக்கே உடன்படுவார். அறிந்தவரோ, "நேற்று இன்ன சந்தையில் இன்ன விலைக்குப் போனதே" என்று பணிவாகக் கேட்கலாம். விபரம் உள்ள சொல்லை எவரும் எளிதிற் தள்ளிவிடார்.

2. தரம் பிரித்தல்

மூடையின் மேலே நல்ல காய்களையும் அடியிற் சொத்தைக் காய்களையும் வைத்தல் ஒரு நாளைக்கு இலாபம் தரலாம். அடுத்த முறை அதே வியாபாரி மூடையைக் கொட்டிப் பார்ப்பார். அல்லது விலையைக் குறைத்தே பேசுவார். பெரியவை, சிறியவை, பழுதுள்ளவை என வேறுவேறாகப் பிரித்து, பழுதுள்ளதைப் பழுது என்றே சொல்லி விற்றல் வேண்டும்.

3. கழிவைப் பற்றிப் பேசுதல்

சில சந்தைகளில் 100 கிலோகிராமுக்கு 10 கிலோகிராம் கழிவாக எடுக்கும் வழக்கம் இருந்து வந்துள்ளது. ஒரு கிலோகிராமின் விலை 150 ரூபாவாயின் அக்கழிவின் பெறுமதி 1,500 ரூபா ஆகும். பழுது இருக்கும் என்பதே கழிவுக்குச் சொல்லப்படும் நியாயமாயின், தரம் பிரித்துக் கொண்டுவந்தவர், "பழுதை நானே நீக்கிவிட்டேன், கொட்டிப் பாருங்கள்" என்று சொல்லும் உரிமை உடையவராகிறார். நேர்மையாகத் தரம் பிரித்தலே உறுதியாகப் பேசுவதற்கு அடிப்படை என்பது இதனாற் புலப்படும்.

4. நெல்லின் ஈரம்

களஞ்சியப்படுத்துதற்கு ஏற்ற நெல்லின் ஈரப்பதன் 14 வீதம். ஈரமான நெல்லுக்கு வியாபாரி எடையைக் குறைக்கக் கேட்பது நியாயமே. எவ்வளவு என்பதே கேள்வி. 18 வீத ஈரமுள்ள 100 கிலோகிராம் நெல்லை 14 வீதத்துக்கு உலர்த்தினால் 95 கிலோகிராமுக்குச் சற்று மேல் எஞ்சும். ஆகவே, ஈரத்துக்காகக் குறைக்கத்தக்கது 5 கிலோகிராமுக்கும் குறைவே. இக்கணக்கை அறிந்தவர், 10 கிலோகிராம் குறைக்கக் கேட்கும்போது சண்டையிடாமற் கணக்கைக் காட்டி மறுக்கலாம்.

5. முற்பணம்

காலபோகத் தொடக்கத்தில் வியாபாரியிடம் முற்பணம் பெறுவோர், "அறுவடையை உங்களுக்கே விற்றல் வேண்டுமா? அன்றைய சந்தை விலை தரப்படுமா?" என்னும் இரண்டு கேள்விகளையும் பணத்தைத் தொடுவதற்கு முன்னரே கேட்டல் வேண்டும். பெற்றதையும் கொடுத்ததையும் ஒரு கொப்பியில் எழுதி, இருவரும் ஒப்பமிடுதல் நன்று. எழுதுதல் அவநம்பிக்கையின் அடையாளமன்று. நட்பு முறியாதிருக்கக் காவலாகும்.

6. சொன்ன சொல்லைக் காத்தல்

20 மூடை தருவதாகச் சொல்லி, மழையினால் 12 மூடையே பறிக்க முடியுமாயின், அதனை முதல் நாளே அறிவித்தல் வேண்டும். லொறியுடன் வந்து வெறுங்கையுடன் திரும்பும் வியாபாரி மறுமுறை அவ்வழியே வருதல் அரிது. அதிக விலை தருபவர் வந்தாலும், ஒப்புக்கொண்டவருக்கே முதலிற் கொடுத்தல் வேண்டும். விலை வீழும் காலத்தில் முதலில் நினைக்கப்படுபவர் இவ்வாறு நடந்தவரே.

7. கூடி விற்றல்

நான்கு மூடையுடன் வருபவரிலும் நாற்பது மூடையுடன் வருபவரின் சொல்லுக்கு மதிப்பு அதிகம். அயலவர் பத்துப் பேர் சேர்ந்து ஒரே லொறியில் அனுப்பி, பொறுமையுள்ள ஒருவரைப் பேச விடலாம். அவர் விற்ற விலையையும் கூலியையும் அன்றே எல்லோருக்கும் காட்டுதல் வேண்டும். கணக்கு மறைந்தால் கூட்டு நிலைக்காது.

பயிருக்கு இடும் பசளை ஒரு போகத்துக்கே பயன்படும். சந்தையில் ஈட்டிய நற்பெயரோ போகந்தோறும் பயன் தரும். அடுத்த அறுவடைக்கு முன் இவற்றுள் ஒன்றையேனும் கைக்கொள்ளுதல் நன்று. கூடி விற்பதற்கு வேண்டிய ஆலோசனையை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடமோ கமநல சேவை நிலையத்திலோ கேட்டறியலாம்.